பெப்பர்மின்ட் ஆயிலா, எசன்ஸா, புதினா உப்பா? எதற்கு எது, எத்தனை சொட்டு?

சர்க்கரைப்பாகு
அரை கிலோ டார்க் சாக்லேட்டில் மின்ட் பார் போட வேண்டும். கையில் இருக்கும் அமெரிக்கச் செய்முறையில் "பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 டீஸ்பூன்" என்று இருக்கிறது. பேக்கரி சாமான் கடையில் 'எசன்ஸ்' என்று ஒரு பாட்டில், 'பெப்பர்மின்ட் ஆயில்' என்று 15 மி.லி. பாட்டில். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு. கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான், எதைப் போட்டாலும் மணக்கும்" என்கிறார்கள். அப்படியா? ஆயிலை வாங்கினால் மிச்சத்தை ஆவி பிடிக்கவும் வைத்துக்கொள்ளலாமா?

அடுமனை_மேசை
மணக்கும் என்பது மட்டும் நிஜம். எக்ஸ்ட்ராக்ட் என்பது ஆல்கஹாலில் கரைத்த ஆயில். நூறு மி.லி.க்கு மூன்று நான்கு மி.லி. ஆயில் இருந்தாலே அது நல்ல எக்ஸ்ட்ராக்ட். மிச்சம் ஆல்கஹாலும் தண்ணீரும். கணக்குப் போடுங்கள்: 1 டீஸ்பூன் 5 மி.லி., அதில் உண்மையான ஆயில் 0.15 முதல் 0.2 மி.லி. சொட்டாகச் சொன்னால் மூன்று முதல் ஐந்து. செய்முறையில் டீஸ்பூன் என்று இருக்கிறதே என்று ஆயிலை டீஸ்பூனில் அளந்து ஊற்றினால் நூறு சொட்டுக்கு மேல் போய்விடும்.

உங்கள் அரை கிலோவுக்கு 4 சொட்டில் ஆரம்பியுங்கள். கலக்கி, கரண்டி நுனியில் ஆறவைத்து ருசி பாருங்கள். சூடாக இருக்கும்போது மின்ட் குறைவாகத்தான் தெரியும், ஆறியபின்தான் குளிர்ச்சி ஏறும். 8 சொட்டைத் தாண்டத் தேவை வராது.

எசன்ஸ் பாட்டிலை சாக்லேட் பக்கமே கொண்டுவராதீர்கள். இங்கே கிடைக்கும் எசன்ஸ்களில் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் இருக்கும், சிலவற்றில் தண்ணீரும். உருகிய சாக்லேட்டில் அரை டீஸ்பூன் தண்ணீர் போதும். சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் ஒரு நிமிடத்தில் ஈர மணல் மாதிரி இறுகிவிடும். அப்படி இறுகியதை பாராக மீட்க முடியாது. சூடான க்ரீம் ஊற்றிக் கனாஷாக மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கலவைக்கல்வம்
மேலே சொன்ன டீஸ்பூன் கணக்கை மருந்து அளவில் வைத்துப் பாருங்கள். குடல் வலிக்குக் கொடுக்கும் பெப்பர்மின்ட் ஆயில் கேப்சூலில் 0.2 மி.லி. இருக்கும். ஒரு டீஸ்பூன் ஆயில் என்றால் 25 கேப்சூல்.

சொட்டு என்பதும் அளவே இல்லை. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் மூடியும் உண்டு, 35 விழும் மூடியும் உண்டு. அடிக்கடி செய்பவர் என்றால் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. ஆயில், 9 மி.லி. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய், இரண்டையும் கண்ணாடிக் குப்பியில் குலுக்கி "10 சதவீதம்" என்று லேபிள் ஒட்டுங்கள். அரை கிலோவுக்கு அதில் 2 மி.லி. எடுத்தால் 0.2 மி.லி. ஆயில். கை நடுங்கி ஒரு சொட்டு கூடினாலும் பாதகமில்லை.

அடுமனை_மேசை
நல்ல யோசனை. ஆனால் அந்தக் கலவை சாக்லேட்டுக்கும் பட்டர் கிரீமுக்கும்தான். மெரிங்கில் எண்ணெய் விழுந்தால் முட்டை வெள்ளை நுரை அமுங்கிப் போகும். அங்கேதான் ஆல்கஹால் எக்ஸ்ட்ராக்டுக்கு வேலை, அதுவும் நுரை நன்றாக நின்ற பிறகு.

கடின மிட்டாய்க்கு நேர்மாறு. பாகு 150 டிகிரிக்குப் போகிறது. எக்ஸ்ட்ராக்ட் ஊற்றினால் ஆல்கஹால் சீறிக்கொண்டு எழும், மணமும் கூடவே போய்விடும். ஆயில்தான் வேண்டும். அதையும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கி, 125-130 டிகிரிக்கு இறங்கிய பிறகு விடுங்கள். சொட்டு விடும்போது முகத்தைப் பாத்திரத்துக்கு நேரே வைக்காதீர்கள். எழும்பும் ஆவி கண்ணில் பட்டால் ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது.

பாலிலோ தண்ணீரிலோ ஆயிலை நேராக விட்டால் மேலே மிதக்கும். முதல் வாய் குடிப்பவருக்கு மொத்தமும் போய்ச் சேரும். ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் சொட்டைவிட்டு விரலால் தேய்த்து, அந்தச் சர்க்கரையைப் போடுங்கள்.

குசினிக்காரி
வீட்டிலயே எக்ஸ்ட்ராக்ட் செய்யலாம் எண்டு கன வீடியோ கிடக்கு. சந்தையில வாங்கின புதினாவை வொட்காவில ஊறப்போட்டா வராதே?

வாலைக்காரன்
வரும் அக்கா, ஆனால் பெப்பர்மின்ட் வராது. நம் சந்தையில் கட்டு கட்டாக வரும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் இனம். அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன். குளிர்ச்சி தரும் மென்தால் அதில் இல்லை என்றே சொல்லலாம். பிரியாணிக்கு மணக்கிறதே தவிர நாக்கு குளிரவில்லை, கவனித்திருப்பீர்கள். பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்டுக்கும் நீர்ப் புதினாவுக்கும் பிறந்த கலப்புச் செடி. விதை பிடிக்காது, ஓடுதண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குவார்கள்.

புதினாச் சாறாகவே வேண்டும் என்றால் செய்யலாம். இலையைக் கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி, லேசாகக் கசக்கி, ஒரு கப் இலைக்கு ஒரு கப் வொட்கா, மூடி இருட்டில். ஐந்தாறு நாளில் இலையை வடித்து எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் ஊற வைத்தால் பச்சையம் இறங்கிப் புல் வாசனை வந்துவிடும்.

ஆயிலை வொட்காவில் கலந்து குறுக்கு வழியில் எக்ஸ்ட்ராக்ட் செய்ய நினைக்காதீர்கள். 40 சதவீத ஆல்கஹாலில் ஆயில் கரையாது, கலங்கிப் பால் மாதிரி ஆகி மேலே வந்து நிற்கும். தெளிவாகக் கரைய 70 சதவீதமாவது வேண்டும். அதற்காக மருத்துவமனை ஸ்பிரிட்டையோ சானிடைசரையோ எடுக்காதீர்கள், அது குடிக்கும் ஆல்கஹால் அல்ல.

சர்க்கரைப்பாகு
ஆயில் பாட்டில் மேல் '100% பியூர்' என்று மட்டும் இருக்கிறது. அதை நம்பலாமா?

வாலைக்காரன்
'பியூர்' என்றால் எது பியூர் என்று கேட்க வேண்டும். இந்தியாவில் மின்ட் எண்ணெய் என்றால் முக்கால்வாசி உத்தரப் பிரதேசம்தான். பாராபங்கி, சம்பல், சந்தௌசி, ராம்பூர், பதாயூன் பக்கம் விவசாயிகள் 'மெந்தா' என்று பயிரிடுவது மென்தா ஆர்வென்சிஸ், ஜப்பான் புதினா. லக்னோவில் உள்ள சீமாப் எனும் மருந்து, மணத் தாவர ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கோசி, ஹிமாலயா, சிம் கிராந்தி ரகங்களைத்தான் அங்கே நடுகிறார்கள். அந்த எண்ணெயில் மென்தால் மட்டும் 70-80 சதவீதம். குளிரவைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். அந்தப் படிகம்தான் நாட்டு மருந்துக் கடைப் புதினா உப்பு. படிகத்தை எடுத்தபின் மிஞ்சும் திரவத்தைத் தொழிலில் டி.எம்.ஓ. என்பார்கள். அதைச் சுத்திகரித்து, கலந்து, 'பெப்பர்மின்ட்' என்று ஒட்டி விற்பது சந்தையில் சகஜம்.

அசல் பெப்பர்மின்ட், அதாவது மென்தா பைப்பரிட்டா எண்ணெயில் மென்தால் 30 முதல் 55 சதவீதம், மென்தோன் 14 முதல் 32. கூடவே மென்தோஃபியூரான் கொஞ்சம் இருக்கும். அந்த இனிப்பு கலந்த ஆழம் அதனால்தான். ஆர்வென்சிஸில் அது கிட்டத்தட்ட கிடையாது, பதிலுக்கு ஐசோபுலிகால் இருக்கும். எண்ணெயில் எது எத்தனை சதவீதம் என்று காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராபி) ஆய்வக அறிக்கையில் ஐசோபுலிகால் 0.2 சதவீதத்துக்கு மேல் நின்றால் கலப்படம் என்று வைத்துக்கொள்ளலாம். லேபிளில் தாவரப் பெயர் இல்லையென்றால் விலை பேசவே வேண்டாம்.

வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் வையுங்கள். எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. இன்னொன்று, தண்ணீரில் ஒரு சொட்டு: ஆயில் மிதக்கும், ஆல்கஹால் எசன்ஸ் புகை மாதிரி கலங்கும், கிளைக்கால் எசன்ஸ் நூலாகக் கீழே இறங்கும். டி.எம்.ஓ. கலப்படத்தை மட்டும் இந்த இரண்டாலும் பிடிக்க முடியாது.

சாப்பாட்டுக்கு என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பாட்டிலில் இருக்க வேண்டும். 'அரோமா தெரபி கிரேடு', 'தெரபியூட்டிக் கிரேடு' என்பதெல்லாம் விற்பவர் வைத்துக்கொண்ட பெயர். அப்படி ஒரு அரசுத் தரம் கிடையாது.

பால்மணம்
இயற்கையான பொருள்தானே, சளிக்குக் குழந்தை மூக்கில் ஒரு துளி தடவினால் நன்றாக மூச்சு விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எட்டு மாதக் குழந்தை.

கலவைக்கல்வம்
வேண்டாம் அம்மா. இதில் மட்டும் 'கொஞ்சமாக' என்ற பேச்சுக்கே இடமில்லை.

கைக்குழந்தையின் மூக்கில் மென்தால் பட்டால் குரல்வளை அனிச்சையாக இறுகி மூச்சு நிற்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் மார்பிலும் தடவக்கூடாது, முகர வைக்கவும் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமையே எழுதி வைத்திருக்கிறது. பெப்பர்மின்ட் ஆயில், புதினா உப்பு, மென்தால் இருக்கும் எந்த பாமாக இருந்தாலும் இதே விதிதான். ஜி-6-பி.டி. எனும் ரத்த அணுவைக் காக்கும் நொதி குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைக்கு மென்தால் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை முற்ற வைக்கும் என்ற கவலையும் உண்டு.

இன்னொன்று. மென்தால் மூக்கடைப்பை எடுப்பதில்லை. மூக்கில் போகும் காற்றை அளந்து பார்த்தால் தடவும் முன்னும் பின்னும் அளவு ஒன்றே. குளிரை உணரும் நரம்பில் டி.ஆர்.பி.எம்.8 என்று ஒரு வாயில் இருக்கிறது, மென்தால் அதைத் திறந்துவிடுகிறது. மூளை 'குளிர்ந்த காற்று வருகிறது' என்று நினைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அந்த நினைப்பே நிம்மதி. எட்டு மாதக் குழந்தைக்கு உப்புக்கரைசல் சொட்டு மருந்தும், சளியை உறிஞ்சி எடுக்கும் ரப்பர் பல்பும்தான் வேலை செய்யும். பால் குடிக்கச் சிரமப்பட்டாலோ நெஞ்சு உள்ளே இழுத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மலைத்தைலம்
ஊட்டியில் தைலம் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே அலமாரியில் யூகலிப்டஸ், விண்டர்கிரீன், பெப்பர்மின்ட் எல்லாம் ஒரே அளவு பாட்டிலில் நிற்கும். விண்டர்கிரீனும் மிட்டாய் மாதிரி இனிப்பாகத்தான் மணக்கும். ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். 5 மி.லி. விண்டர்கிரீன் ஆயில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சிறு குழந்தைக்கு ஒரு டீஸ்பூனே உயிருக்கு ஆபத்து. சமையலுக்கு வாங்கும் பாட்டிலும் வலிக்கு வாங்கும் பாட்டிலும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது.

குசினிக்காரி
ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூண்டையும் சம அளவு போட்டா தண்ணியாகுதே, அதை வயித்துவலிக்குச் சீனியில விட்டுக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம். அது சரியோ?

கலவைக்கல்வம்
குப்பியில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மூன்றும் தனித்தனியே கெட்டி. புதினா உப்பு 42 டிகிரியில்தான் உருகும், ஓம உப்பு 50 டிகிரியில், கற்பூரம் 175 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் முதலில் படிகத்தின் ஓரம் ஈரமாகும், ஒன்றோடொன்று ஒட்டும், பத்து நிமிடத்தில் தெளிந்த திரவம். தண்ணீர் ஒரு துளி சேர்க்கவில்லை. ஒன்று இன்னொன்றின் உருகுநிலையைக் கீழே இழுத்துவிடுகிறது. வடக்கே அமிர்ததாரா என்பார்கள்.

வெளியே தடவ மட்டும், அதுவும் பத்து மடங்கு தேங்காய் எண்ணெயில் கலந்து. குழந்தைக்கு உள்ளே கொடுக்கவே கூடாது. காரணம் கற்பூரம். ஒரு கிராமுக்குக் குறைவான கற்பூரமே சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைத்துவிடும். கடையில் பச்சைக் கற்பூரத்துக்குப் பதில் சூடத்தைப் போட்டுக் கொடுத்தால் அது இன்னொரு வம்பு.

சர்க்கரைப்பாகு
குடல் வலிக்குக் கேப்சூல் என்று சொன்னீர்களே, அதற்குப் பதில் பாட்டில் ஆயிலை வெந்நீரில் விட்டுக் குடித்தால் ஆகாதா?

கலவைக்கல்வம்
ஆகாது. அந்தக் கேப்சூலின் உயிரே மேலுறைதான். பெப்பர்மின்ட் ஆயில் மென்தசைக்குள் (தானாக இயங்கும் உள்ளுறுப்புத் தசை) கால்சியம் நுழைவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்தும். குடலில் நடந்தால் பிடிப்பு விடும். அதே வேலை உணவுக்குழாயின் அடி வாசலில் நடந்தால் அமிலம் மேலே வரும், நெஞ்சு எரியும். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி உறை போட்டிருப்பது அதற்காகத்தான். கடித்து மென்றாலோ, அமிலத்தைக் குறைக்கும் ஜெலூசில் வகை மருந்தோடு சேர்த்து விழுங்கினாலோ உறை வயிற்றிலேயே கரைந்துவிடும்.

ஐரோப்பிய முகமை சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 0.2 முதல் 0.4 மி.லி., நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன். எட்டு வயதுக்குக் கீழே கிடையாது. பித்தப்பைக் கல், பித்தநாள வீக்கம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது. சைக்ளோஸ்போரின் மாதிரி அளவு பிசகக் கூடாத மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பலன் உண்டா என்றால், ஐ.பி.எஸ். எனும் குடல் எரிச்சல் நோய்க்கு உண்டு, ஆனால் அளந்துதான் சொல்ல வேண்டும். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது, ஆதாரம் வலுவில்லை என்ற குறிப்போடு. நெதர்லாந்தில் 190 பேரிடம் நடந்த ஆய்வில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை, வலி மட்டும் ஓரளவு குறைந்தது. ஓவராக எதிர்பார்க்காமல் ஒரு மாதம் பார்த்து, பயனில்லையென்றால் விட்டுவிடலாம்.

மலைத்தைலம்
தலைவலிக்கு?

கலவைக்கல்வம்
இழுத்துப் பிடிக்கும் வகைத் தலைவலிக்கு 10 சதவீதக் கரைசல், ஆல்கஹாலில் கரைத்தது, நெற்றியிலும் பொட்டிலும் தடவி, வேண்டுமென்றால் 15 நிமிடம் விட்டு மறுபடி. ஜெர்மனியில் ஆய்வு செய்து பார்த்த முறை அது. ரோல்-ஆனாகவே வாங்குங்கள். கண் ஓரத்துக்கு இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கள், வியர்த்தால் வழிந்து உள்ளே போகும்.

உடம்பில் தேய்க்க அவ்வளவு வேண்டாம். 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு போட்டால் 2 சதவீதம். தேய்த்த இடத்தில் பேண்டேஜ் இறுக்கிக் கட்டுவதோ, ஹீட்டிங் பேட் வைப்பதோ கூடாது. மென்தால், மெத்தில் சாலிசிலேட் உள்ள வலி நிவாரணிகளால் தோல் வெந்து புண்ணான சம்பவங்களை வைத்து 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. 3 சதவீதத்துக்கு மேல் மென்தால் இருந்த களிம்புகளில்தான் மோசமான காயங்கள் அதிகம்.

தோலில் எரிந்தால் வெறும் தண்ணீர் போதாது, எண்ணெய் போகாது. சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு. கண்ணில் பட்டால் மட்டும் நேராகத் தண்ணீர், 15 நிமிடம் விடாமல். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு 108.

சர்க்கரைப்பாகு
ஆவிக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலைத்தைலம்
பெரியவர் என்றால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம். பத்து சொட்டு விட்டால் சளி சீக்கிரம் இறங்காது, தொண்டைதான் எரியும். ஆஸ்துமா இருப்பவர்கள் வெறும் ஆவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆவியே வேண்டாம். மருந்தைவிட மடியில் கவிழும் கொதிநீர்தான் பெரிய பயம்.

குசினிக்காரி
வேது பிடிக்கேக்க வீட்டில பூனை நிண்டா?

கலவைக்கல்வம்
வேறு அறையில் விடுங்கள். இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. மணம் பரப்பும் டிஃப்யூசர் கருவி வைத்தாலும் அப்படித்தான், அது தெளிக்கும் நுண்துளி ரோமத்தில் படிந்து, பூனை நக்கும்போது உள்ளே போகும்.

எலிப்பொறி
எலி வராமல் இருக்கப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொல்கிறார்களே?

வாலைக்காரன்
வாசனை இருக்கும்வரை கொஞ்சம் ஒதுங்கும். ஒன்றிரண்டு நாளில் ஆவியாகிவிடும், எலி திரும்ப வந்துவிடும். ஓட்டையை இரும்பு வலை வைத்துச் சிமென்ட் பூசுவதற்கு ஆகும் செலவு ஆறு மாத ஆயில் செலவைவிடக் குறைவு.

சர்க்கரைப்பாகு
சரி, ஆயில் வாங்கிவிட்டேன், தாவரப் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறது. 4 சொட்டு போட்டுப் பார்த்தேன், 6-ல் நிறுத்தினேன். சிலிகான் அச்சில்தான் ஊற்றப்போகிறேன்.

அடுமனை_மேசை
அந்த அச்சு இனி மின்டுக்கு மட்டும். சிலிகான் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் அடுத்த முறை ஊற்றும் காபி சாக்லேட் பல்பசை மாதிரி மணக்கும். தெர்மோகோல் கப்பில் ஆயிலை ஊற்றி வைக்காதீர்கள், கரைந்து ஓட்டையாகும்.

வாலைக்காரன்
ரப்பர் டிராப்பர் மூடியோடு வைத்திருந்தால் சாதாரண மூடி போட்டுவிடுங்கள். ஆவி ரப்பரைப் பிசுபிசுக்க வைத்துவிடும். பழுப்புக் கண்ணாடி, முடிந்தவரை நிரம்பிய பாட்டில், குளிர்ந்த இருட்டு. திறந்தபின் ஒரு வருடம். மணம் புளிப்பேறி, திரவம் கெட்டியானால் வாயிலும் வேண்டாம், தோலிலும் வேண்டாம்.

சர்க்கரைப்பாகு
15 மி.லி.யில் 6 சொட்டுதான் செலவு. மிச்சம் கெட்டுப்போனால் எதற்காவது ஆகுமா?

வாலைக்காரன்
கழிவுநீர்க் குழாயில் கசிவு தேட ஆகும். அமெரிக்க பிளம்பர்களிடம் 'பெப்பர்மின்ட் டெஸ்ட்' என்றே ஒன்று உண்டு. மொட்டை மாடியில் கழிவுக் குழாயின் காற்று போகும் வென்ட் குழாய் வாயில் சுமார் 60 மி.லி. ஆயிலை ஊற்றி, மேலே ஒரு பக்கெட் வெந்நீர் விட்டு, வாயை அடைப்பார்கள். கீழே இன்னொருவர் அறை அறையாக மோந்து போவார். மணம் வரும் இடத்தில் இணைப்பு விட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை: மேலே ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. அவர் சட்டையே மணக்கும், குழாய் எங்கே மணக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.